கம்பி பதினாறு

கோட்டப்பட்டி சுத்துல
எந்த ஊர்ல மாரியம்மன் பண்டிகைன்னாலும்
புளியமரத்துல குழாய் கட்டுறவன் நான்.
சாமி பாட்டு மூணு ஓடணும்.
நாலாவது முடியறதுக்குள்ள
லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒருத்தன் வந்துடுவான்:
"ஜெயில் பாட்டைப் போடுப்பா."

கம்பி பதினாறு, களி உருண்டை ஒண்ணு,
ஒத்தச் சாமந்தி பறிச்சதுக்கு
ஒம்பது மாசம், அடி கண்ணு.

யார் கட்டினதுன்னு தெரியாது.
பம்பைக்காரங்க பாடினாங்க, கேசட்டுல வந்துச்சு,
இப்ப என் பென்டிரைவுல ஏழு தினுசா கெடக்குது.
களின்னு வந்ததும் பொம்பளைங்க
முந்தானையால வாயைப் பொத்திக்குவாங்க.
ஊர் ஒலகத்துக்கு அது ஜெயில் சோறு.
எங்களுக்கு ராத்திரிச் சோறு.
"அப்ப நாம எல்லாருமே உள்ளதான்டா இருக்கோம்"னு
நானே ஒருக்கா மைக்குல சொல்லி
விசில் வாங்கியிருக்கேன்.

இந்த வருசம் வேடியப்பன் வந்திருந்தான்.
பெயிண்ட் அடிக்கற வேலைன்னு லாரியில ஏத்தி
கடப்பாவுக்கு அந்தாண்ட காட்டோரம் எறக்கிவிட்டு
பதினோரு பேர் மாட்டினாங்களே,
அதுல ஒருத்தன்.
இருபத்திரண்டு மாசம்.
கேஸ் நிக்கலைன்னு விட்டுட்டாங்க.

பசங்க சும்மா இருப்பாங்களா.
"அனுபவஸ்தன் பாடட்டும்"னு தூக்கிட்டு வந்து
என் மைக்கைப் புடுங்கி அவன் கையில திணிச்சாங்க.
வாயில முட்டுற மாதிரி புடிச்சான்.
கீச்சுன்னு கத்துச்சு. சத்தத்தைக் கொறச்சேன்.

"கம்பி பன்னெண்டு"ன்னான்.
சிரிச்சாங்க.
"களி இல்ல. சோறு. வெள்ளைச் சோறு.
ஒரு நாள் கூடக் களி போடல."
இன்னும் சிரிச்சாங்க.

அப்புறம் பாடுவான்னு பார்த்தா
கண்டக்டர் குரல்ல ஆரம்பிச்சான்.
அரூர், அரூர்.
தீர்த்தமலை எறங்கு.
நரிப்பள்ளி, பால்கேன் எறக்கு, ரைட்.

அங்க ராத்திரியெல்லாம் லைட் எரியுமாம்.
தூக்கம் வராம ஒருத்தன் பஸ்ஸை எடுப்பானாம்.
அவனவன் ஊர் வந்ததும்
"எறங்கிட்டேன்"னு சொல்லிட்டு
செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவானாம்.
வேடியப்பன் ஊர் கடைசி ஸ்டாப்.
எல்லாரும் எறங்கின வண்டியில
தெனமும் ஒத்தையா வருவானாம்.

நரிப்பள்ளியில எறங்க வேண்டிய மாதையன்
ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பல.
அதுக்கப்புறமும் வண்டி அங்க நிக்குமாம்,
ஒரு ஆள் எறங்குற நேரம்.

யாரும் விசிலடிக்கல.
ராட்டினம் மட்டும் க்ரீச் க்ரீச்சுன்னு சுத்திக்கிட்டிருந்துச்சு,
மேல ரெண்டு புள்ளைங்களோட.
முன்னால நின்ன அவன் பொண்டாட்டி உண்ணாமலை
கொழந்தையை அடுத்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு,
"சரி, எறங்குய்யா"ன்னா.

எறங்கினான்.

கொஞ்ச நேரம் குழாய்ல வெறும் இரைச்சல்.
எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னு எனக்குத் தெரியல.
கம்பம் பக்கத்துலருந்து எவனோ கத்தினான்,
"பாட்டைப் போடுப்பா."
போட்டேன். வேற என்ன பண்ண,
அந்தக் காசுக்குத்தான வந்திருக்கேன்.
கம்பி பதினாறு.
ஆடினாங்க.
வேடியப்பனும் ஆடினான்.
நல்லாத்தான் ஆடினான்.

விடியக்காலம் ஒயரைச் சுத்திக்கிட்டிருக்கேன்,
பக்கத்துல வந்து குந்திப் பீடி கேட்டான்.
பத்தவெச்சு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு,
"அந்தப் பாட்டுல வர்றான் பாரு"ன்னான்,
"அவனாச்சும் பூவைப் பறிச்சான்."