நொடிக்கு ஒன்பது

டோர்ஷவ்ன் துறைமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
ரன்வாவின் பந்தயக் கார்
நொடிக்கு ஒன்பது ஃபிரேமில்
விக்கி விக்கி வளைவு திரும்புகிறது.
விசிறி மட்டும் விமானம் கிளம்புவதுபோல் இரைகிறது.

டிரைவரா? புதிதுதான்.
மெமரியா? போதும்.
டெர்மினலைக் கேட்டாள்:
யார் வரைவது இதையெல்லாம்?
பிராசஸர், ஒற்றையாளாக, என்றது.
கிராஃபிக்ஸ் சிப் பக்கத்திலேயே
கூப்பிடுவாரின்றிக் குந்தியிருக்கிறது.

பூட் வரியின் வாலில் ஒரு சொல்.
லினக்ஸ் ஏற்றிய இரவு
திரை இருண்டதென்று ஹோக்னி செருகியது.
எடுக்க மறந்து
மீன்பிடிக் கப்பலேறிப் போய்விட்டான்,
கிரீன்லாந்துப் பக்கம்.

அழித்தாள். மறுபடி ஏற்றினாள்.
ஐம்பத்தெட்டு.

அட, இந்த ஆட்டத்திலும் மழையா!
கார்க் கண்ணாடியில் துளித்துளியாய் வழிவதை
வாய்பிளந்து பார்த்திருந்தவள்
முதல் வளைவிலேயே வேலியில் மோதினாள்.