மூன்றாவது ஒயர்

வண்டியை உள்ளே விடும்போதே
கார்புரேட்டர்தான் என்றார் நேரெயோ,
வணக்கம் சொல்வதற்கு முன்பே.
அறுபத்தேழாம் வருஷத்து ஆல்ஃபா, சிவப்பு.
மடக்குக் கூரை பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.
போரா காற்று த்ரியெஸ்தேயின் எல்லா ஷட்டர்களையும்
பிடித்து உலுக்கிய பிப்ரவரி.

நான் பதில் சொல்லவில்லை.
ஐடிலில் ஓடவிட்டுக் கேட்டேன்.
தட தட தட, ஒரு பள்ளம்.
தட தட தட, ஒரு பள்ளம்.
ஒரு படி காணாமல்போன மாடிப்படியில்
யாரோ இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜெட்டை மூன்று முறை கழுவிவிட்டேன் என்றார்.
துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர்.
எதையும் மேலிருந்து பார்த்தே பழகிய கண்.
கழுவியது வாஸ்தவம்தான், பளபளத்தது.

கனத்த கையுறை மாட்டிக்கொண்டு
முதல் ஒயரைப் பிடுங்கினேன்.
இன்ஜினுக்கு முழங்கால் மடங்கியது.
செருகினேன், எழுந்தது.
இரண்டாவதும் அப்படியே.
நான்காவதில் கிட்டத்தட்ட நின்றேபோனது.
மூன்றாவதைப் பிடுங்கினேன்.

ஒன்றும் ஆகவில்லை.

இத்தனை வருஷத்தில் இந்த இடம் மட்டும்
எனக்குப் பழகவில்லை:
ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
வீடு ஒரே மாதிரி நடப்பதை
காது கொடுத்துக் கேட்பது.
நேரெயோவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன்.
மூன்று, பால் அளவாய்க் கலந்த காப்பி நிறம்.
இது ஒன்று கறுப்பு, ஈரம், பச்சைப் பெட்ரோல் வாடை.
பார்த்தாயா ஒந்தினா, பெட்ரோல் அதிகம்,
கார்புரேட்டர்!
புதுப் பிளக் போட்டேன். பள்ளம் நகரவில்லை.
கம்ப்ரஷன் பார்த்தேன்.
முள் நல்ல பிள்ளையாய் ஏறி நின்றது.

புகைக்குழாயில் ஹோஸ் மாட்டி வெளியே விட்டேன்,
ஷட்டரை இறக்கினேன்,
விளக்கை அணைத்தேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

முதலில் வெறும் இருட்டு, சத்தம் மட்டும்.
பிறகு கண் பழகப் பழக
மூன்றாவது ஒயரின் விலாவில்
எறும்பளவு மின்னல்.
நீலமாக, விட்டுவிட்டு,
பக்கத்தில் இருந்த க்ரோமியம் கிளிப்புக்குத் தாவியது.
பிளக்குக்குப் போக வேண்டியது
வழியிலேயே வீடு பார்த்துக்கொண்டுவிட்டது.

கிளிப் அவர் ஜனவரியில் மாட்டியது.
நாலு ஒயரும் இஸ்திரி போட்டதுபோல்
நேராக நிற்க வேண்டுமாம்.
அதன் விளிம்பு உரசி உரசி
ரப்பரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வாய் திறந்திருக்கிறது.

விளக்கைப் போடக் கை நீட்டினேன்.
கொஞ்சம் பொறு என்றார்.
ராத்திரி ஷிஃப்டில், கிரேன் கூண்டிலிருந்து பார்த்தால்
கப்பலில் வெல்டிங் வைப்பவர்கள் இப்படித்தான் தெரிவார்கள்,
ஆள் தெரியாது, இது மட்டும்.
அதற்குமேல் அவரும் பேசவில்லை.
இன்ஜின் நொண்டிக்கொண்டே ஓடியது.
நாங்கள் அதைச் சரிசெய்ய அவசரப்படவில்லை.

புது ஒயர், பதினோரு யூரோ.
கிளிப்பைக் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டேன்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு:
எல்லாப் படியும் இருக்கும் மாடியில் இறங்குவதுபோல்
தெருவில் இறங்கிப் போனது ஆல்ஃபா.

மறுநாள் ஒப்பிச்சினா ஏற்றத்திலிருந்து போன் வந்தது.
மூன்றாவது கியரில், பாதி மிதியில்,
ஒரு சின்ன இருமல் என்றார்.
குரலில் கவலை இல்லை, வெற்றி இருந்தது.
பின்னால் காற்று.

கார்புரேட்டராக இருக்கலாம் என்றேன்.