பெயர் என்ற கட்டத்தில்

விசா மையத்துக்கு எதிரே என் கடை.
ஒரு மேசை, ஒரு பிரின்டர், சுவரில் கட்டணப் பட்டியல்.
மொழிபெயர்ப்பு பக்கத்துக்கு எட்டாயிரம் துக்ரிக்,
விண்ணப்பம் நிரப்பப் பதினைந்தாயிரம்,
அவசரமென்றால் இரட்டிப்பு.

உலான்பாத்தரில் கரிப்புகை
மூன்றாம் மாடிவரை ஏறி நிற்கிற ஜனவரி.
கதவைத் திறந்ததும் குளிர்தான் முதலில் நுழைந்தது,
அதன் பிறகே அவர்கள் இருவரும்.
இமையில் ஒட்டிய பனி உருகும்வரை
யாரும் பேசவில்லை.

மனைவி முங்குன், முப்பத்தாறு வயது.
கணவனுக்குப் பெயர் என்ற கட்டத்தில்
நெர்குய் என்று தட்டினேன்.
எங்கள் மொழியில் அதற்கு அர்த்தம்
பெயரில்லை.
அவனுக்கு முன் பிறந்த மூன்றையும்
மண்ணுக்குக் கொடுத்த தாய்
நான்காவதை ஆவிகளின் கண்ணிலிருந்து மறைக்க
வைத்த பெயர்.
தேடி வந்தவை
இங்கே யாருமில்லை போலும் என்று
திரும்பிப் போயிருக்க வேண்டும்.
நாற்பத்தொரு குளிர்காலம் தப்பி
என் எதிரே உட்கார்ந்து
தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

பயண நோக்கம்: சிகிச்சை.
நோயின் பெயர்?
அவள் அவனைப் பார்த்தாள்,
அவன் பிரின்டரைப் பார்த்தான்.
சியோல் மருத்துவமனைக் கடிதத்தில் இருந்ததை
எழுத்துக் கூட்டி இறக்கினேன், இரண்டு வரி நீளம்.
குழந்தை என்ற சொல் அதில் எங்குமில்லை.

வங்கி இருப்புச் சான்று.
அறுபத்திரண்டு செம்மறி, நான்கு பெண்குதிரை.
இலையுதிர் காலத்தில் காலூன்றி மேய்ந்த தொகை
முத்திரையோடு ஒரு தாளில் படுத்திருந்தது.
மிச்ச மந்தைக்கு வட்ட அலுவலகத்தின் இன்னொரு தாள்.
"ஆடு இருக்கிறவன் திரும்பி வருவான்னு
அவங்களுக்குத் தெரியுமா?" என்றான்.
எழுதி வைப்போம் என்றேன்.

பன்னிரண்டு வேலைநாள் என்றார்கள்,
இருபத்துமூன்று ஆனது.
இரண்டாம் நாளிலேயே ஊசி தொடங்கவேண்டும் என்று
மருத்துவர் சொல்லியிருந்தார்.
தூதரகத்துக்கு மாதவிலக்கு தெரியாது.
அவள் கைக்காலண்டரில் ஒரு வட்டம் போட்டாள், அடித்தாள்,
பக்கம் புரட்டி இன்னொரு வட்டம் போட்டாள்.

அவளுக்குக் கிடைத்தது, தொண்ணூறு நாள்.
அவனுக்கு ஒரு கடிதம்.
மாதச் சம்பளம் இல்லாதவன்,
போனால் அங்கேயே தங்கிவிடக்கூடும்.
ஆவிகளை ஏமாற்றிய பெயர்
அதிகாரியிடம் பலிக்கவில்லை.
உள்ளே ஓர் ஆள் இருப்பதைக் கண்டுகொண்டார்.
பாதிப் பணத்தைத் திருப்பி நீட்டினேன்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மார்ச்சில் அவள் தனியாக வந்தாள்.
நகர ஆய்வுக்கூடத்தில் உறையவைத்து
பால் கேனைவிடச் சின்னதொரு நைட்ரஜன் குடுவையில்
கூரியரில் அனுப்புகிறார்களாம்.
ஆளுக்குத்தான் விசா,
இதற்குச் சுங்கப் படிவம்.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று தட்டியபோது
வெளியே இருந்த மைனஸ் பதினெட்டு
எனக்கு வெயில்போலப் பட்டது.

பெயர்: நெர்குய்.
தங்கிவிடும் எண்ணம் உண்டா என்று
இந்தப் படிவத்தில் கேட்கவில்லை.
"தங்கணும்," என்றாள் தரையைப் பார்த்து.
"ஒண்ணே ஒண்ணு தங்கினாக்கூடப் போதும்."

கடைசிக் கட்டம்: பொருளின் மதிப்பு, டாலரில்.
கர்சர் துடித்தபடி நின்றது.
அவள் விரல்மடக்கி எண்ணத் தொடங்கினாள்,
செம்மறி, குதிரை, விமானம், ஊசி,
நடுவில் எதிலோ நின்று போனாள்.
இரத்த மாதிரிகளுக்கு நான் எப்போதும் எழுதுவதையே
எழுதினேன்:
வணிக மதிப்பு ஏதுமில்லை.

பிரின்டரிலிருந்து வந்த தாள் சூடாக இருந்தது.
மடிக்காமல்
கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.