நிறமில்லாத குருதி

அரோசா கழிமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
எலாடியோ நீர் சொட்டச் சொட்ட
வாளியை மேசைமேல் வைத்தான்.
"பதினேழாம் மிதவை. கயிற்றுக்குப் பாதி செத்துக் கிடக்கிறது."

இரியா ஒரு மட்டியின் ஓட்டோரத்தை அரத்தால் ராவி
மூடுதசைக்குள் ஊசியை நுழைத்தாள்.
வந்தது தண்ணீர் மாதிரி ஏதோ.
"இதுவா ரத்தம்?"
"இதுதான்."

கண்ணாடித் தகட்டில் விப்ரியோ,
சாயமேறிய பச்சைப் பொறிகள்.
உருண்டு கிடந்த அணுக்கள்
விளிம்பு தளர்ந்து
கால் முளைத்து
தம் உடலையே பாயாக விரித்தன.

ஏவ ஒரு மூளை இல்லை.
போன பருவத்து எதிரியின் சாடையை
எழுதிவைத்த ஏடும் இல்லை.
தொட்டுப் பார்க்கிறது;
தன் வீட்டில் இல்லாத ஒரு சர்க்கரை
மேல்தோலில் ஒட்டுகிறது.
அவ்வளவு போதும்.
விழுங்கியபின் பச்சை
உள்ளிருந்தபடியே மங்கிக்கொண்டு போகிறது.

ஒற்றைக் கண்ணை இடுக்கி
வெகுநேரம் குனிந்திருந்தான் எலாடியோ.
வெள்ளிக்கிழமை ஓடு கீறிய கட்டைவிரல்
கட்டுக்குள் விண்விண்ணென்றது.

"இது ஏன் கிழிந்து போகிறது?"
"விழுங்கி மாளாதபோது சில அப்படித்தான்.
தன்னை உடைத்து
உள்ளிருக்கும் இழையை வெளியே எறியும்.
வந்தவை அதில் சிக்கும்."
"வலையா!"
அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.
"அப்போ இதுவும் நம்ம ஆள்தான்."

அடுத்த மட்டி. அதே கயிறு.
அந்தத் துளியில்
பச்சை மட்டும் நீந்திக்கொண்டிருந்தது.

இரியா குவியக் குமிழைத் திருகினாள்,
முன்னும் பின்னும்,
ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்ததை.