திருத்தம்: வரி 340

லாங்கு பஜாரில் வெங்காய மண்டிக்கு மேல் மாடி.
ஒரு மேசை, ஒரு பசைக் கிண்ணம்,
பிளாப்பி பதினேழு,
அதில் திறப்பது பதினொன்று.
அங்கிருந்துதான் மாதம் தவறி மாதம்
வந்துகொண்டிருந்தது எங்கள் கம்ப்யூட்டர் பத்திரிகை.

கேள்வி பதில் என் பொறுப்பு.
பெயர், கணினி மாமா.
மீசை வைத்த யாரோ ஒருவர் படத்தை
நசீர் உசேன் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருந்தார்.
எனக்கு அப்போது இருபத்து மூன்று.
வாலாஜாவிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன்.
வீட்டில் கால்குலேட்டர்கூடக் கிடையாது.

அன்புள்ள மாமா, வைரஸ் தொட்டால் ஒட்டுமா? குடியாத்தம்.
அன்புள்ள மாமா, தோல் மண்டித் தூசிக்கு
ஹார்டு டிஸ்க் தாங்குமா? பேரணாம்பட்டு.
மெஷின் இல்லாமல் கற்றுக்கொள்ள முடியுமா?
இது எல்லா ஊரிலிருந்தும்.

முடியும் என்றே எழுதினேன்.
நம்பி எழுதவில்லை.
சந்தா வர வேண்டும்.

ஒன்பதாம் இதழில் ஒரு புரோகிராம்.
எந்தத் தேதி கொடுத்தாலும் கிழமை சொல்லும்.
அறுபத்தெட்டு வரி, எறும்பு எழுத்து.
காட்பாடியில் மணிக்கு இருபது ரூபாய் கட்டித்
தட்டிப் பார்த்தவர்கள் திட்டி எழுதினார்கள்:
ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது.
எங்கள் ஒரே மெஷின் சர்வீசுக்குப் போயிருந்தது.
நானும் பக்கத்தை முறைத்துப் பார்த்தேன்.
எழுத்துதான் தெரிந்தது.

பிறகு ஓர் இன்லண்டு லெட்டர்.
மூலையில் தணிக்கை முத்திரை,
மத்திய சிறை, வேலூர் இரண்டு.

'மாமாவுக்கு ஏகாம்பரம் எழுதுவது.
முந்நூற்று நாற்பதாம் வரி
முந்நூற்றுப் பத்துக்குத் திரும்பச் சொல்கிறது.
அங்கே போனால் நாள் கணக்கு மறுபடி சைபர்.
முந்நூற்று இருபது என்று மாற்றவும்.
அப்போதுதான் வெளியே வரலாம்.
இங்கே கம்ப்யூட்டர் இல்லை, நானே ஓடிப் பார்த்தேன்.
நாளுக்குப் புளியங்கொட்டை, மாதத்துக்குக் கூழாங்கல்.
ஆயிரத்து நானூறு சுற்று, எட்டு நாள் ஆனது.
விடை வியாழக்கிழமை.'

எந்தத் தேதியைக் கொடுத்தார்
என்று எழுதவில்லை.

பத்தாம் இதழ், நாற்பத்தாறாம் பக்கம், அடியில் சின்னப் பெட்டி.
சுட்டிக்காட்டியவர்: ஏகாம்பரம், தொரப்பாடி.
சிறை என்ற சொல்லை நசீர் உசேன் அடித்துவிட்டார்.
விளம்பரம் தருகிறவன் ஓடிவிடுவான் என்றார்.
நான் சண்டை போடவில்லை.

ஆம்பூரிலிருந்து ஒருவர் கேட்டார்:
தொரப்பாடி அன்பர் என்ன மாடல் வைத்திருக்கிறார்,
தவணையில் கிடைக்குமா?

மாமா பதில்: கரண்டு போனாலும் நிற்காத மாடல்.
கடையில் இல்லை.

இலவசப் பிரதி அனுப்ப ஆரம்பித்தேன்.
வாசலில் பின் ஊசியைப் பிடுங்கிவிட்டுத்தான் கொடுப்பார்களாம்,
தாள் தாளாகப் போய்ச் சேரும்.
இருபத்து மூன்றாம் இதழில்
பக்க எண் போட மறந்துவிட்டோம்.
அதை எந்த வரிசையில் அடுக்கினாரோ.