எது என்று கேட்காதீர்கள்

மருதானையில், ரயில் பாலம் தாண்டி,
பெயின்ற் உரிந்த ஒரு பெரிய பல் தொங்கும் கட்டடம்.
மேல்மாடி. பதினேழு படி.
வாயில் பஞ்சோடு இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டுச்
சுவரோடு ஒட்டி ஏற வேண்டும்.

காத்திருக்கும் அறையில் மூன்று கதிரை,
போன வருடத்துக் கலண்டர்,
கண்ணாடி அலுமாரிக்கு மேலே
இரண்டு சீனச் சாடிகள்.

வெள்ளையென்றால் சுத்த வெள்ளையில்லை,
அரிசி களைந்த தண்ணீரின் வெள்ளை.
நீலம், சட்டைப்பையில் பேனை கசிந்த நீலம்:
ஓரிடத்தில் திரண்டு கறுத்து,
ஓரிடத்தில் கழுவியும் போகாமல் வெளிறி.
ஒரு பாலம். பாலத்தில் குடையோடு ஒருவன்.
இவ்வளவு காலம் நடந்தும்
அக்கரை போய்ச் சேரவில்லை.

வருகிறவர் எல்லாரும் கேட்பார்கள்,
கன்னம் வீங்கியிருந்தாலும் கேட்பார்கள்:
"டொக்டர், உங்கட ஊரிலயிருந்து கொண்டு வந்ததோ?"
லியாவ் "ஓம்" என்பார்.
வாய் திறந்து கிடக்கிற ஆளோடு
வழக்காடக் கூடாது என்பது அவர் கொள்கை.

என்னிடம் மட்டும்,
உதடு மரத்து, ஒருவருக்கும் ஒன்றும்
திருப்பிச் சொல்ல முடியாதிருந்த அரைமணியில், சொன்னார்:
"எங்கட அப்பா கொண்டு வந்தது
ஒரு துணிமூட்டையும் ஒரு குறடும்.
இது வத்தளை மிஸிஸ் ஷோக்மன்
மெல்பேணுக்குக் கப்பலேற முதல்
கட்டில், பியானோவோட ஏலத்தில விட்டது.
அப்பா நாற்பது ரூபாய்க்கு எடுத்தார்.
சீனாக்காரன்ட இடத்தில சீனச் சாமான் இல்லையெண்டால்
சனம் நம்பாதாம்."

மற்றது?
கேட்க வாயில்லை. புருவத்தால் கேட்டேன்.
"சோடியா இருந்தால் வடிவெண்டு புறக்கோட்டையில வாங்கினது.
பிளாஸ்ரிக் பூவும் சேர்த்துத் தந்தவன்."

போன மாதம் கொள்ளுப்பிட்டியிலிருந்து
பழஞ்சாமான் கடை மிஹ்லார் நானா
கடைவாய்ப் பல் பிடுங்க வந்தார்.
பல்லை மறந்தார். சாடிகளைக் கவிழ்த்தார்.
மினுக்கம் ஏறாத அடிவளையத்தை நகத்தால் சுரண்டி,
விரல் மொளியால் தட்டிக் காதைக் கொடுத்தார்.
ஒன்று, மணி ஓய்ந்த பிறகும்
கொஞ்ச நேரம் அறையில் நின்றது.
மற்றது 'டொக்' என்றது.
ஒன்றுக்கு அவர் சொன்ன விலையில்
புதுக் கதிரை, புது மெஷின், ஏசியும் பூட்டலாம்.
மற்றதுக்கு: "குடை வையுங்கோ, டொக்டர்."

லியாவ் இரண்டையும் விற்கவில்லை.
பிறகு குசுமா தூசு தட்ட இறக்கினாள்,
ஏற்றினாள், இன்னொரு நாள் இறக்கினாள்.
இப்போது எது எது என்று அவருக்கே தெரியாதாம்.
தட்டிப் பார்க்கலாமே என்று மறுபடி புருவம் தூக்கினேன்.
"தட்டினால் தெரிஞ்சுபோடுமே" என்றார்.

என்னையும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.
ஆமர் வீதிச் சோதனைச் சாவடியில்
அடையாள அட்டையைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்து,
ஊர் எது?
கொட்டாஞ்சேனை.
அதில்லை. ஊர்?
பிறந்தது, படித்தது, பல் விழுந்தது முளைத்தது
எல்லாம் கொட்டாஞ்சேனை.
அதில்லை.
ஓரிரவு களைத்துப்போய் "வேலணை" என்றேன்,
ஒரேயொரு கலியாணத்துக்குப் போன இடம்.
நாற்பது நிமிடம் கூட மறித்து வைத்தார்கள்.
ஆனால் கேள்வி நின்றது.

லியாவ் கண்ணாடியை நீட்டினார்.
பீங்கான் பல்.
பக்கத்துப் பல்லின் தேநீர்க் கறைக்கு ஈடாய்
ஒரு சொட்டு மஞ்சள் சேர்த்துச் செய்தது.
"எதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."
நாக்குக்குத் தெரியுதே, என்று குழறினேன்.
"ஒரு கிழமை. பிறகு அதுவும் விட்டிடும்."

பதினேழு படியும் நாக்கு
போய்ப் போய்த் தொட்டுவிட்டு வந்தது.
கீழே மழை. குடையை மேலே விட்டுவிட்டேன்.
நூற்றியெழுபத்தாறில் தொற்றி ஏறியதும்
கண்டக்டர் கேட்டான், எங்கே?
கொட்டாஞ்சேனை, என்றேன், பஞ்சோடு.
டிக்கட்டைக் கிழித்துத் தந்துவிட்டு
அடுத்த ஆளிடம் போனான்.