சக்கரம் வைத்த நாற்காலி

இடக்கை ஆள்காட்டி விரல் எனக்கில்லை.
எழுபத்தொன்றில் நூற்பு மிஷின் தின்றது.
ஒவ்வொரு தேர்தலிலும் இதே கூத்து:
மை வைக்கிற பெண்
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்,
பக்கத்து மேசையைப் பார்ப்பாள்.
"அடுத்த விரல்ல வைம்மா, சட்டத்துல இடமிருக்கு"
என்று நானே சொல்லிக் கொடுப்பேன்.
இந்த முறையும் சொன்னேன்.
நடுவிரலில், நகத்தோடு சேர்த்து ஒரு கோடு.
புளியந்தோப்பில் மாநகராட்சிப் பள்ளி,
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு,
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன
பின்னக் கணக்கு.

மிஷினில் அவள் பேர்: ஏ. வெண்மணி.
ஏ என்றால் ஏகாம்பரம்.
ஏகாம்பரம் என்றால்
கொருக்குப்பேட்டைக் குழிக்குள் இறங்கி
கயிறு மட்டும் மேலே வந்தவன்.
மகளுக்கு அந்தப் பேரை வைத்த அன்று
தொட்டில் பக்கத்தில் யாரும் பாடவில்லை.

அழுத்தினேன். நீளமாய் ஒரு சத்தம்.
மில் சங்கு போல என்று எழுத ஆசைதான்.
அப்படியில்லை,
பின்னால் வருகிற கன்டெய்னர் லாரி மாதிரி இருந்தது.

நூற்று நாற்பது ஓட்டில் ஜெயித்தாள்.
எங்கள் கால்வாய்க்கரையிலிருந்து
மன்றத்துக்குள் போகிற முதல் ஆள்.
பொடிசுகள் ரோட்டை மறித்து ஆடின,
என்னையும் இழுத்தன.
நான் வேறு எண்ணிக்கையில் இருந்தேன்.
தேவசகாயம். கன்னியப்பன். அஞ்சலாட்சி.
ஏகாம்பரம்.
இருந்திருந்தால் நூற்று நாற்பத்தி நாலு.

எழுபத்தி நாலில் குழாய் கேட்டு மனு கொடுக்கப் போனோம்.
மெயின் ரோட்டுக் குழாயில் எங்கள் குடம் பட்டால்
புளி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் பிடிப்பார்கள்.
அதிகாரி அறையில் நாலு நாற்காலி.
நாங்கள் நாலு பேர்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை,
உட்காரென்றும் சொல்லவில்லை.
ஒரு மணி நேரம்.
தேவசகாயம் மட்டும், கால் கடுத்ததோ என்னவோ,
நாற்காலி முதுகில் கை வைத்தான்.
நாங்கள் வெளியே வந்ததும்
பியூன் ஈரத்துணியால் துடைத்தான்,
அந்த இடத்தை மட்டும்.

ஜன்னல் வழியே அஞ்சலாட்சி பார்த்துவிட்டாள்.
விறுவிறுவென்று திரும்ப உள்ளே போனாள்.
நாலு நாற்காலியிலும்
ஒவ்வொன்றாய் உட்கார்ந்து, எழுந்து,
முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள்.
"தொடைக்கட்டும், இன்னா இப்போ?"

அதற்கு ரெண்டு நாள் ஸ்டேஷன்.
குழாய்க்கு ஏழு வருஷம்.

வெண்மணி பதவி ஏற்ற பதினோராம் நாள்
மனுவோடு போனேன்.
கை பழக்கத்தில் 'ஐயா' என்று எழுதி,
அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதியிருந்தேன்.
அடித்தலோடுதான் கொடுத்தேன். வேறு தாள் இல்லை.
நின்றபடியே நீட்டினேன்.
அவள் எழுந்துவிட்டாள்.
"இன்னா சித்தப்பா, குந்து."

இப்போது நாற்காலிக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள்.
உட்காரப் போனால் பின்னால் நழுவுகிறது.
நம்மைக் கண்டால் நாற்காலிக்கு ஓடித்தான் பழக்கம்.
அவள் மேசையைச் சுற்றி வந்து
செருப்புக் காலால்
சக்கரத்தை மிதித்துக்கொண்டாள்.
உட்கார்ந்தேன்.
மெத்தையிலிருந்து புஸ்ஸென்று காற்று இறங்கியது.
அஞ்சலாட்சிக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது,
நாம் உட்கார்ந்தால்
நாற்காலி பெருமூச்சு விடுகிறதடி.

அழப்போகிறேன் என்று நினைத்தாளோ,
டம்ளரை என் பக்கம் தள்ளினாள்,
அவள் குடித்துக்கொண்டிருந்த அதே டம்ளரை.
"கேன் தண்ணியா?"
"ஆமா."
"அதுக்குத்தான் வந்தேன்.
நம்ம கரைல மூணு நாளா தண்ணி வர்ல.
வந்தாலும் சாக்கடை கலந்து வருது.
நீ ஜெயிச்சதும் வந்துடும்னு
பொம்பளைங்க குடத்தக் கழுவி வெச்சிருக்காளுங்க.
படி, மூணாவது வரி" என்று
மை போகாத விரலால் காட்டினேன்.